கூழும் கயிறும் பட்டமும் இல்லாமல் கழகம் நடக்காது: நிர்வாக சபைக்கும் புலம்பெயர் கிளைகளுக்கும் ஒரு திறந்த மடல்

வடமராட்சியிலுள்ள எமது விளையாட்டுக் கழகத்தின் நிர்வாக சபையினருக்கும், லண்டன், ரொறன்ரோ கிளைகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கும் தீர்மானத்தை வாசித்தோம். தைப்பொங்கல் பட்டம், சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா, ஆடிப்பிறப்புக் கூழ், தீபாவளி ஒன்றுகூடல் என்ற நாலும் இந்த வருடத்தோடு நிறுத்தப்படும் என்றும், அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் மூன்று நாள் மின்னொளி உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியும் கடைசி இரவில் இசை நிகழ்ச்சியும் நடக்கும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. காரணம் இரண்டு சொல்லியிருக்கிறீர்கள்: செலவு, ஆளில்லாமை. பொதுக்கூட்டத்தில் ஒரு சொல்லும் வைக்கப்படவில்லை.

இதை எழுதுபவர்கள் கூழ் அடுப்படியையும் மைதானத்தையும் கயிறு, கம்பு, கணக்குக் கொப்பியையும் பொறுப்பெடுத்துச் செய்து வரும் அங்கத்தவர்கள். இந்தத் தீர்மானத்தை எங்களால் ஏற்க முடியாது. நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களும் பிழை என்பதை வேலை தெரிந்தவர்களாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செலவை முதலில் எடுப்போம். நாலு கூடல்களிலும் கழகத்தின் பெட்டியிலிருந்து காசாகப் போவது மிகக் கொஞ்சம். சித்திரை விழாவுக்கு ஒலிபெருக்கி வாடகை, பரிசுப் பொருள், கிறீஸ், குளிர்பானம். ஆடிக்கூழுக்கு ஏலக்காயும் மிளகும். மிச்சமெல்லாம் வளவுகளிலிருந்து வருகிறது: ஒரு வீட்டில் தேங்காய், ஒரு வீட்டில் பச்சையரிசி, பனை சீவும் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து பனங்கட்டி, வலை இழுக்கும் கரையிலிருந்து மீன். ஆகஸ்ட் சுற்றுப்போட்டியில் அப்படி வருவது ஒன்றுமில்லை. லைற், ஜெனறேற்றர், அதற்கு டீசல், மேடை, இசைக்குழு, நடுவர் கொடுப்பனவு, பரிசுப் பணம், வெளியிலிருந்து எடுக்கும் சாப்பாடு, எல்லாம் காசு. கணக்குக் கொப்பியைத் திறந்து பாருங்கள். போன ஆகஸ்ட்டில் லைற்றுக்கும் மேடைக்கும் மட்டும் கொடுத்த வாடகை, நாலு கூடல்களின் முழு வருடக் காசுச் செலவையும் தாண்டியிருக்கிறது. செலவைக் குறைக்கத்தான் எண்ணம் என்றால் வெட்ட வேண்டிய இடம் வேறு.

ஆளில்லை என்பதற்கு வருவோம். இதுதான் எங்களை அதிகம் உறுத்தியது. ஒரு ஆடிக்கூழுக்கு எத்தனை கை வேண்டும், அந்தக் கைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சபையில் இப்போது இருப்பவர்களில் பலர் பார்த்ததில்லை. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறோம்.

இருநூறு பேருக்கு ஆடிக்கூழ் என்றால் வறுத்த பச்சையரிசி மா ஐந்து கிலோ, பயறு மூன்று கிலோ, பனங்கட்டி பத்துக் கிலோ, தேங்காய் நாற்பது. முதல் நாள் பின்னேரம் பயற்றை இளஞ்சூட்டில் வறுத்துத் தோல் நீக்க வேண்டும். கூடக் கருகினால் கூழ் முழுக்கக் கைக்கும். வறுக்காமல் விட்டால் பச்சை வாசம் போகாது. விடியப் பயறு கிடாரத்தில் அவிகிற நேரத்தில் மாவில் ஒரு பங்கைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்துச் சின்ன உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். இந்த வேலை ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து எண்பது வயது ஆச்சி வரை எல்லாருக்கும் உரியது. பத்துப் பேர் பாயில் இருந்து உருட்டினால் அரை மணித்தியாலத்தில் முடியும். மூன்று பேர் உருட்டினால் பயறு குழைந்து போய்விடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதுதான் உருண்டைகளைப் போட வேண்டும். கொதி குறைந்திருந்தால் அவை கரைந்து கஞ்சியாகும். உருண்டை வெந்து மேலே மிதந்த பிறகு, மிச்ச மாவைத் தேங்காய்ப்பாலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். பனங்கட்டியைத் தனியாகக் கரைத்து வடித்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அடியில் மண்ணும் கசடும் இருக்கும். அந்தப் பாணியைப் பயறு நன்றாக வெந்த பிறகே விட வேண்டும். இனிப்புப் பட்ட பயறு பிறகு எவ்வளவு எரித்தாலும் வேகாது. இரண்டு வருடங்களுக்கு முந்திய கூழில் பயறு பல்லில் கடிபட்டது இதனால்தான். கடைசியில் தேங்காய்ச்சொட்டு, ஏலம், மிளகு, சீரகம்.

துழாவுகிறவர் கை நிற்கக் கூடாது. ஒரு கிடாரத்துக்கு இரண்டு பேர் மாறி மாறித் துழாவ வேண்டும், அகப்பை அடியைத் தொட்டு வர வேண்டும். அடிப்பிடித்த மணம் வந்தால் சுரண்டாமல் மேலே உள்ளதை உடனே அடுத்த கிடாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சுரண்டினால் முழுவதும் போச்சு. தென்னம்மட்டை, பன்னாடை மட்டும் போட்டால் நெருப்புக் குப்பென்று எரிந்து அணையும். நின்று எரியப் புளி, வேம்பு போன்ற காய்ந்த கொத்து விறகு வேண்டும். ஆனி மாதத்திலேயே வெட்டிக் காயப் போடாவிட்டால் ஆடியில் புகைதான் வரும்.

உருண்டை, பயறு, அகப்பை, விறகு என்று எண்ணினால் நாற்பது பேருக்கு மேல். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், மற்றப் பெரிய பங்கு பள்ளிப் பிள்ளைகள். சுற்றுப்போட்டிக்கு வேலைக்கு ஆள் கேட்டபோது வராத நாற்பது பேர் கூழுக்குக் கூப்பிடாமலே வருகிறார்கள். சபை கூப்பிட்ட வேலை அவர்களுக்கு இடமில்லாத வேலையாக இருந்ததுதான் காரணம். மின்னொளியில் இரவு பதினொரு மணிக்கு நடக்கும் போட்டிக்கு ஒரு தாய் என்ன வேலைக்கு வருவார்?

ஆடிப்பிறப்பு ஜூலை 16 அல்லது 17இல் வரும். அதை ஆகஸ்ட் விழாவுக்குள் ஒரு பகுதியாகச் சேர்க்கலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாக அறிந்தோம். முடியாது. ஆகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும், அதையொட்டித் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதித் திருவிழாவும் வரும். எங்கள் பக்கத்து வீடுகளில் பாதி விரதம், மிச்சம் காவடி, தூக்குக்காவடி, தண்ணீர்ப்பந்தல் வேலை. மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்க முடியாத காலத்தில் மீன் போட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழ் பற்றிப் பேசவே வேண்டாம். உங்கள் சுற்றுப்போட்டிக்கு ஊர்ச்சனம் வராததற்கும் இதுவே காரணம். வந்தவர்களில் பெரும்பங்கு வெளியூர் அணிகளோடு வந்தவர்கள்.

ஒடியற்கூழ் சித்திரைக்கு உரியது. மாசி, பங்குனியில் கிண்டிய பனங்கிழங்கு பங்குனி வெயிலில் ஒடியலாகக் காய்ந்து, சித்திரையில் புது மாவாகக் கிடைக்கும். கடலும் அப்போது அமைதி. நாள் பார்த்துப் புத்தாண்டுக்கு அடுத்து வரும் ஞாயிறு, விளையாட்டு முடிந்து பொழுதுபட, மைதானத்தின் வடக்கு மூலையில் இரண்டு கிடாரம் ஏறும். இருநூறு பேருக்கு ஒடியல் மா பத்துக் கிலோ. அதைக் காலையிலேயே நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தெளிவை இரண்டு மூன்று தரம் வடித்து ஊற்ற வேண்டும். இந்த வேலையைச் சுருக்கினால் கூழ் காறிக் கைக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய், ஒரு சுண்டு அரிசி முதலில் அவிய வேண்டும். பிறகு மீன்தலை, திருக்கை, நண்டு, இறால் எல்லாம் சேர்த்து இருபது கிலோ. சின்ன முள்ளு மீன் போடக் கூடாது. இருட்டில் பிள்ளைகள் குடிக்கும்போது தொண்டையில் ஏறும். மீன் வெந்த பிறகே அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளியோடு கரைத்த மா. முருங்கை இலை இறக்கும்போது. மாவைக் கரைக்காமல் கொட்டினால் முட்டை முட்டையாகக் கட்டி தட்டும், அதை எந்த அகப்பையாலும் உடைக்க முடியாது.

இன்னொன்று பிளா, கூழ் குடிக்கும் பனையோலைக் கிண்ணம். வடலி ஓலையைக் காலையில் வெட்டி, ஈரம் காயமுன் கோல வேண்டும். காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும், சுடுகூழ் மடியில் ஊற்றும். போன ஆகஸ்ட்டில் சாப்பாடு ரெஜிபோம் என்ற நுரைப் பிளாஸ்ரிக் பெட்டியில் வந்தது. 2017இலேயே அந்தப் பெட்டிகளுக்கு நாட்டில் தடை வந்துவிட்டது. அடுத்த நாள் காலை மைதானத்தின் நாலு பக்க வேலியிலும் அந்தப் பெட்டிகள் காற்றில் அடைந்து கிடந்ததைப் பொறுக்கியவர்கள் கூழுக்கு வருகிற அதே பிள்ளைகள்தான்.

சித்திரை விளையாட்டு விழாவை நிகழ்ச்சி ஒழுங்கமைப்பாளர் ஒருவரிடம் குத்தகைக்கு விட்டாலும் நடக்கும் என்று நினைப்பதாகத் தெரிகிறது. ஒரு முறை அரைவாசி வேலை அப்படி வெளியே கொடுக்கப்பட்டது. கயிறிழுத்தலுக்கு அவர்கள் கொண்டு வந்தது துறையில் படகு கட்டும் நைலோன் கயிறு. இழுக்க இழுக்க அது நீளும். அறுந்தால் சவுக்குப்போல் திரும்பி அடிக்கும். நல்லவேளை அன்று அறவில்லை. எட்டுப் பேர் எட்டுப் பேராக இழுக்கச் சர்வதேச விதிப்படி 33.5 மீற்றருக்குக் குறையாத கயிறு வேண்டும், சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர். கழகத்தின் மணிலாக் கயிறு அந்த அளவுதான். அதை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்ளே உக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு விழாவுக்கும் முன்பு முறுக்கை அங்கங்கே பிரித்து உள் நாரைப் பார்க்க வேண்டும். கையில் கயிற்றைச் சுற்றிப் பிடிக்க ஒருவரையும் விடக் கூடாது, விரல் போய்விடும். இதையெல்லாம் கத்திச் சொல்லிக்கொண்டு நிற்க ஊரவர் ஒருவர் வேண்டும். வாடகைக்கு வருகிறவருக்கு யார் முதல் தரம் இழுக்கிறான், யாருக்கு இடுப்பு நோ என்பது தெரியாது.

வழுக்குமரத்துக்கும் இதே கதை. கமுகு இருபத்தைந்து அடியென்றால் நாலடி புதைபட வேண்டும், மூன்று பக்கம் இழுவைக்கயிறு, அடியில் இரண்டடி உயரத்துக்குக் கடல்மணல். பூசுவது கிறீஸாக இருக்க வேண்டும். கராச்சில் இனாமாகக் கிடைக்கிறது என்று பழைய எஞ்சின் ஒயிலைப் பூசினால் ஏறுகிற பெடியனின் தோல் எரியும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். கோடு போடுவதற்கும் நீறாத சுண்ணாம்பு வேண்டாம். ஓடி விழுகிற பிள்ளையின் வியர்த்த முழங்கால் வெந்துவிடும். டொலமைற் தூள் போதும். முட்டி உடைத்தலுக்குப் பதினைந்து அடி வட்டத்தில் கயிறு கட்டாமல் கண் கட்டியவரிடம் பொல்லைக் கொடுக்கக் கூடாது. தலையணைச் சண்டைக் கம்பம் நாலடிக்கு மேல் போகக் கூடாது.

நேரமும் முக்கியம். புத்தாண்டை அண்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். மரதனும் சைக்கிளோட்டமும் காலை ஆறரைக்கு முன் புறப்பட வேண்டும். மைதான நிகழ்ச்சி பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்க வேண்டும். வெளியாள் நடத்திய முறை பதினொரு மணிக்குச் சாக்கோட்டம் விட்டதில் பிள்ளைகள் இருவர் மயங்கினார்கள். ஊறுகாய்த்தண்ணீரும் மோரும் மர நிழலும் எங்களிடம் இருந்ததால் அது அதோடு போயிற்று.

கிடுகு பின்னும் போட்டியைச் சொல்லாமல் விட முடியாது. ஓலையை இரண்டு நாளுக்கு முன்பே கேணியில் ஊறப் போட வேண்டும். ஊறாத ஓலை பின்னும்போது ஈர்க்கோடு கிழியும். நடுமட்டையைச் சரி நடுவில் பிளக்கத் தெரிந்த கைகள் ஊரில் இன்னும் பத்துப் பதினைந்து இருக்கும், எல்லாம் அறுபதைக் கடந்தவை. சுற்றி நிற்கிற பெட்டைகள் அந்த விரல்களை அவ்வளவு கிட்ட நின்று பார்ப்பது வருடத்தில் அந்த ஒரு பின்னேரம்தான். ஒரு ஓலையை எடுத்து ஒன்று விட்டு ஒன்று கோர்த்து, பெருவிரலால் அழுத்தி, கடைசி முனையை முடிச்சாக உள்ளே தள்ளுவதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது.

தைப்பொங்கல் பட்டத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. வல்வெட்டித்துறையில் உலகம் பார்க்கிற அளவுக்குப் போட்டி நடக்கிறது, எங்களுடையது பிள்ளைகளுக்கான சின்னக் கூடல். மூங்கில் சீவி, எடை பார்த்து, முச்சை (பட்டத்தை நூலோடு பிணைக்கும் கட்டு) கட்டி, காற்றில் ஒலி எழுப்பும் விண் பூட்டப் பழக்குகிறோம். பட்டம் ஒருபக்கம் சரிந்தால் வாலில் பிழையா முச்சையில் பிழையா என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறோம். ஆகஸ்ட்டில் அடிப்பது சோளகம் என்ற தென்மேற்குக் காற்று; அதிலும் பட்டம் ஏறும்தான். ஆனால் தை மாதத்து வாடைக் காற்றில் பட்டம் கடல் பக்கமாக இருந்து வயல் பக்கம் போகும், மின்கம்பிகளும் பெருந்தெருவும் இல்லாத பக்கம். சோளகத்தில் விட்டால் தெருவுக்குக் குறுக்கே நூல் இறங்கும், மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கழுத்துக்கு அது ஆபத்து. கூடல் தையில் இருப்பது வெறும் பழக்கத்துக்காக மட்டும் இல்லை.

தீபாவளி மாரிக்குள் வரும். மைதானம் தண்ணீராக இருக்கும் என்பதால்தான் அந்தக் கூடல் வாசிகசாலைக்குள் நடக்கிறது: கரம், தாயம், பழைய அங்கத்தவர்களுக்குத் தேநீர். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லாத அதையும் ஏன் பட்டியலில் சேர்த்தீர்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. நடக்க முடியாத வயதானவர்களை ஓட்டோவில் ஏற்றிவந்து இருத்துகிற ஒரே நாள் அது.

இனி மைதானம். மேடைக்கும் லைற்றுக்கும் தோண்டிய குழிகளில் பல சரியாக மூடப்படவில்லை. மண்ணை மேலே தள்ளி மிதித்துவிட்டுப் போனார்கள். ஒன்றரையடிக் குழியை மூன்று படையாக நிரப்ப வேண்டும்: அடியில் சல்லிக்கல், நடுவில் கிரவல், மேலே செம்மண், ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு நாலு அங்குலம் இறங்கும், மேலே புல் மூடியிருக்கும், ஓடுகிறவன் கணுக்கால் பிரளும். இரண்டு பெடியன்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஜெனறேற்றர் நின்ற இடத்தில் டீசல் ஊறி இன்னும் புல் முளைக்கவில்லை. கரப்பந்தாட்டத் திடலின் ஒரு பக்கத்தில் மேடைப் பலகையின் ஆணிகளும் போத்தல் ஓடும் இன்றைக்கும் எடுக்கிறோம். ஓவர் கேம் என்ற கரப்பந்தாட்ட வகையை ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கால்.

சுற்றுப்போட்டியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பெடியன்கள் உதைபந்தில் கெட்டிக்காரர். ஆனால் பரிசுப் பணம் கூடக் கூட என்ன நடந்தது என்று பாருங்கள்: அணிகள் வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் காசுக்கு எடுத்தன. எங்கள் அணியும் எடுத்தது. ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் மூன்று நாளும் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள். தோற்ற அணி நடுவரோடு சண்டை பிடித்து, கைகொடுக்காமல் வாகனத்தில் ஏறிப் போயிற்று. ஒரு காலத்தில் பக்கத்து ஊர்க் கழகத்தோடு விளையாடினால் தோற்றாலும் வென்றாலும் கூழ் குடிக்காமல் அவர்களை அனுப்பியதில்லை.

ரொறன்ரோக் கிளையினருக்கு இந்த இடத்தில் ஒன்று. நீங்கள் வாழும் கனடாவில் கேர்ளிங் என்ற பனிக்கட்டி விளையாட்டுக் கழகங்கள் ஊருக்கு ஊர் உண்டு. நாலு பேர் கொண்ட அணி, இருபது கிலோ அளவுள்ள கருங்கல்லைப் பனித்தளத்தில் வழுக்கி விட, கூட்டாளிகள் துடைப்பத்தால் முன்னால் தேய்த்துக்கொண்டு போவார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் ஒரே மேசையில் இருந்து ஒன்றாகக் குடித்துக் கதைப்பதும், வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதற் சுற்று வாங்கிக் கொடுப்பதும் அங்கே மாறாத வழக்கம். பருவம் தொடங்கும்போதும் முடியும்போதும் கூடல் வைக்கிறார்கள். வசதியில் குறையாத அந்த நாட்டுக்காரர் அதைச் செலவென்று நிறுத்தவில்லை. உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்கிறார்கள். ஊருக்கு வரும்போது அதற்கு ஈடானதை நாங்கள் அவர்களுக்குக் காட்ட வேண்டாமா?

இன்னும் ஒன்று, மிகப் பாரதூரமானது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26 கடற்கோளிலும், 2008 நவம்பரில் நிஷா புயல் வெள்ளத்திலும் சனத்துக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள் இப்படியான கழகங்களும் சனசமூக நிலையங்களும்தான். எரிவாயு இல்லாத 2022இலும் விறகடுப்பு மூட்டத் தெரிந்தவர்களைத் தேடி வந்தார்கள். இருநூறு பேருக்குக் கிடாரம் ஏற்றிப் பழகியவர்கள் இருந்தால் ஐந்நூறு பேருக்கு ஒரே இரவில் சமைக்கலாம். எந்த வீட்டில் அகப்பை இருக்கிறது, எந்த வளவில் காய்ந்த விறகு இருக்கிறது, யார் உப்புப் பதம் பார்ப்பார் என்பதை வெள்ளம் வந்த அன்று கற்க முடியாது. ஆடியிலும் சித்திரையிலும் கழகம் கற்பதே அதுதான். அந்த இரண்டையும் நிறுத்தினால், இப்போது அடுப்படியில் நிற்கும் நாலைந்து பேர் தளர்ந்த பிறகு இந்த ஊரில் கிடாரம் பிடிக்க ஆள் இருக்காது.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறோம்.

தீர்மானத்தை உடனே நிறுத்தி வைத்து, மார்கழி முடிய முன் விசேட பொதுக்கூட்டம் கூட்டுங்கள். அறிவித்தலை வாசிகசாலையில் மட்டும் ஒட்டாமல் வீடு வீடாகக் கொடுங்கள். கூட்டத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு வையுங்கள், பெண்கள் வரக்கூடிய நேரம் அது. வாக்கெடுப்பு அங்கே நடக்கட்டும்.

போன ஆகஸ்ட்டின் வரவு செலவை வாடகை, பரிசு, கொடுப்பனவு என்று பிரித்து, பற்றுச்சீட்டு இலக்கத்தோடு கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் பலகையில் போடுங்கள். அதன் பக்கத்தில் நாலு கூடல்களின் கணக்கையும் போடுங்கள்.

சுற்றுப்போட்டி தொடர்வதானால் இரண்டு நாள், பகலில், ஊர்ப் பிள்ளைகளுக்கும் அயற் கழகங்களுக்கும் மட்டும். பரிசுப் பணத்தை நீக்கிக் கிண்ணத்தோடு விடுங்கள். இசை நிகழ்ச்சி வேண்டுமென்றால் மேடை மைதானத்துக்கு வெளியே, சந்தைப் பக்க வெறுங்காணியில் போடப்படட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கும்போது இரவு பத்து மணியோடு முடிப்பதாக எழுதிக் கொடுங்கள். மைதானத்தில் யார் எதற்காகக் குழி தோண்டினாலும் முன்பணம் வாங்கி, குழி மூடி எங்களில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது திறந்து கிடக்கும் குழிகளை இந்த மாதமே மூட வேண்டும். சல்லியும் கிரவலும் ஒரு சின்ன லோட் போதும், வேலையைச் சிரமதானமாக நாங்களே செய்கிறோம்.

கிளைகளிடம் கேட்பது: அனுப்பும் காசில் ஒரு பங்கையாவது நிலைத்து நிற்கும் பொருளுக்கு ஒதுக்குங்கள். புது மணிலாக் கயிறு ஒன்று, இரண்டு கிடாரம், முதலுதவிப் பெட்டி, வாசிகசாலைக் கூரையில் ஒழுகும் மூன்று ஓட்டு வரிசை. ரொறன்ரோப் பள்ளிகள் ஜூன் கடைசியில் மூடப்படுகின்றன. அங்கிருந்து வரும் குடும்பங்கள் ஆடிப்பிறப்புக்கு முன் வந்து சேரலாம். வந்தால் பிள்ளைகளை விடிய ஐந்து மணிக்குப் பாயில் இருத்தி உருண்டை பிடிக்க விடுங்கள். லண்டன் பள்ளிகள் ஜூலை நாலாம் கிழமை வரை நடப்பதால் அங்குள்ளவர்களுக்கு அது கஷ்டம். அவர்களுக்காக ஆவணியில் பனங்காய்ப் பணியாரம் சுடும் ஒரு பின்னேரத்தை நாங்களே ஒழுங்கு செய்கிறோம், சபையிடம் ஒரு சதமும் வேண்டாம்.

நாலு கூடல்களுக்கும் ஒவ்வொரு குழு நியமியுங்கள். ஒவ்வொன்றிலும் மூத்தவர் இருவர், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர் இருவர், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அளவுகளையும் பிழைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வாசிகசாலையில் வையுங்கள். மேலே நாங்கள் எழுதியதை முதல் பக்கமாக எடுத்துக்கொள்ளலாம்.

பதிலை எழுத்தில் தாருங்கள், தீர்மானத்தை ஒட்டிய அதே பலகையில். பொங்கலுக்கு மூங்கில் சீவ வேண்டும், அதை மார்கழி முதற் கிழமையில் வெட்டி நிழலில் காயப் போட்டால்தான் உதவும். அதற்கு முன் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அடுப்படி, மைதானம், விளையாட்டு விழாப் பொறுப்பில் உள்ள அங்கத்தவர்கள்
வடமராட்சி, யாழ்ப்பாணம்